பதினோரு கம்பளிகள்

அன்று அந்தக் களத்தில் இருந்தவர்கள் பதினோரு பேர். மலை ஊரின் தலைவரான ஊர்க்கவுண்டர் ஒருவர். கல்யாண வீட்டுக்காரர், அவருடைய சம்சாரம், கல்யாணமாகி ஒன்றரை மாதமே ஆகியிருந்த அவர்களுடைய மகன், ஆக மூன்று பேர். என்னிடம் வெளுக்கக் கம்பளி போட்ட மற்ற ஐந்து வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவராக ஐந்து பேர். அதில் மூன்று ஆண், இரண்டு பெண். பிறகு நானும் என் சம்சாரமும். புதுப்பெண் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை. பதினோரு பேர்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் நான் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் காலையும் சேர்த்து இருபத்திரண்டு. களத்தில் விரித்துப் போட்டிருந்த கம்பளிகளும் பதினொன்று.

அந்தக் களத்துக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக் கூட்டி எழுதுவேன், கணக்கு விரலில்தான். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் காரவள்ளிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில். நானும் என் சம்சாரமும் கம்பளி வெளுத்துக்கொண்டிருந்தோம். வேட்டி சேலையெல்லாம் கிடையாது, கம்பளி மட்டும். அதற்குப் பருவம் உண்டு. தை கடைசியில் பனி விட்டதும் தொடங்கும், வைகாசியில் முடியும். மற்ற மாதங்களில் கிடைத்த கூலிக்குப் போவோம். வேலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் சேந்தமங்கலத்து வழியில் இருந்த வண்டிப்பேட்டை ஆட்கள். குளிர்காலம் முழுக்க வண்டியில் வைக்கோலின் மேல் கம்பளியை விரித்துப் படுப்பார்கள். மாட்டு நாற்றம், பேன், எண்ணெய்ச் சிக்கு எல்லாம் ஏறிக் கிடக்கும். நாங்கள் மொடாவில் வெந்நீர் வைத்து, பூந்திக்கொட்டையை ஊறப்போட்டு நுரைத்து, உவர்மண் தடவி, காலால் மிதித்து, ஓடுகிற தண்ணீரில் மூன்று தரம் அலசி, பாறையில் காயப்போட்டுக் கொடுப்போம். முறுக்கிப் பிழியக் கூடாது, அது ஒன்றுதான் அந்தத் தொழிலின் சூட்சுமம் என்று நினைத்திருந்தேன். ஒரு கம்பளிக்கு நாலணா. ஐம்பது அறுபது கம்பளி வரும்.

சண்டைக் காலத்தில் அது நின்றது. பட்டாளத்துக்கு வேண்டுமென்று ஆட்கள் வந்து கம்பளிகளை நல்ல விலை சொல்லி வாங்கினார்கள். வண்டிக்காரர்கள் போர்த்தியிருந்ததையும் விற்றுவிட்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டார்கள். அந்தத் தையில் நான் பேட்டைக்குப் போனபோது ஒரு வண்டிக்காரர் தோளிலிருந்த சாக்கை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இந்தாங்க, இத வெளுத்துக் குடுங்க. நாலணா தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது மளிகைக் கடை வாசல் வழியாக வராமல் சுற்றி வந்தேன்.

ஏனென்றால் அதற்குள் மளிகைக் கடையில் இருபது ரூபாய் நின்றுவிட்டது. என் சம்சாரம் மழைக்காலம் முழுக்கப் படுத்திருந்தாள். அந்த மாதங்களில் வாங்கித் தின்ற ராகியும் உப்பும் மருந்துச் சாமான்களும் அது. கடைக்காரர் கடுமையாகப் பேசுகிறவர் அல்ல. "சித்திரை தாண்டக் கூடாதுங்க. தாண்டுச்சுன்னா எருமைய நான் ஓட்டிக்கறேன். அதுக்கப்புறம் உங்களுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல" என்று வெற்றிலை மடிக்கிற குரலில் சொன்னார். எங்களிடம் இருந்தது அந்த ஒரு எருமைதான். காலையும் மாலையும் அதன் பாலை விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. புதிதாக யாராவது கம்பளி போட வேண்டும், சித்திரைக்குள் இருபது ரூபாய் வர வேண்டும். வேறு வழியில்லை.

மலையைச் சொன்னவள் என் சம்சாரம்தான்.

"ஏனுங்க, மேல இருக்கறவங்க கம்பளிய விக்கலைங்களே. சந்தைக்கு எறங்கறப்பப் பாத்தா ஆளுக்கு ஒண்ணு மேல போட்டுக்கிட்டுத்தான் வாராங்க."

அது உண்மை. எனக்குத்தான் மலை என்றால் பயம். மலைக்காய்ச்சல் வந்து இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்; சுள்ளி மாதிரி ஆகிவிடுவார்கள். அந்தக் காலத்தில் மலைக்கு ஒற்றையடிப் பாதைதான், அரை நாள் ஏற்றம். மாசியில் ஒரு காலை, இடுப்பில் சுக்கு முடிந்துகொண்டு, கொதித்து ஆறிய தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். மலைமேல் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் மூன்று ஊர்களுக்குப் போனேன். ஊர் என்றால் பத்துப் பன்னிரண்டு வீடு, நடுவே பலாமரங்கள், பக்கத்தில் மிளகுக் கொடிகள்.

முதல் ஊரில் ஓர் அம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

"கம்பளி வெளுத்துத் தாரேனுங்க. எட்டணாத்தானுங்க." ஏறி வந்த கூலியையும் சேர்த்து எட்டணா என்று வழியிலேயே முடிவு செய்திருந்தேன்.

"எதுக்கு?"

"அழுக்குப் போவுமுங்க."

"அழுக்கு உன்னைய என்ன பண்ணுச்சு சாமி?" என்று கேட்டுவிட்டுப் புடைப்பதைத் தொடர்ந்தார்.

இரண்டாவது ஊரில் வீட்டில் ஆளே இல்லை. எல்லோரும் மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். மூன்றாவது ஊரில் ஒருவர் என்னை உட்காரச் சொல்லி, தன் கம்பளியை எடுத்து என் மடியில் போட்டார். கருப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். தொட்டால் கையில் பிசுக்கு ஒட்டியது. அடுப்படி முழுவதையும் சுருட்டி மடியில் வைத்தது மாதிரி ஒரு வாசம்.

"பத்து வருசமா அடுப்புக்கு மேல பரண்ல கெடந்து பொகை குடிச்ச கம்பளிங்க இது. இந்தப் பொகைய நீங்க ஒரு நாள்ல போக்கிருவீங்களா?"

"போக்கிருவேனுங்க. வாசமே இருக்காது" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் கம்பளியை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "வேண்டாமுங்க" என்றார். அவ்வளவுதான். காசுக்குத்தான் தயங்குகிறார், மலைக்காரர்களுக்குச் சுத்தத்தின் அருமை தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு வேண்டியதையெல்லாம் அவர் அன்றே சொல்லிவிட்டார். அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதர் கம்பளியை மடித்த விதம் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

பத்து நாள் கழித்து மறுபடி ஏறினேன். இந்தத் தடவை நான்காவது ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டில் கல்யாணம் வைத்திருந்தார்கள். பெண், அடிவாரத்தில் புளியஞ்சோலைப் பக்கத்துக் குடும்பம். பெண் வீட்டுக்காரர்கள் மேலே வந்து இரண்டு நாள் தங்கப் போகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அதுதான் கவலை.

"கீழ இருந்து வாரவங்க. நம்ம கம்பளியக் குடுத்தா மூக்கப் புடிப்பாங்க" என்றார் அவர் தன் புருஷனிடம், என்னை வைத்துக்கொண்டே.

"புடிச்சா புடிக்கட்டும். குளிரு அடிச்சா தானா உட்டுருவாங்க" என்றார் புருஷன்.

அந்த அம்மாள் விடவில்லை. ஆறு கம்பளிகளை எடுத்து வந்து என் முன்னால் போட்டார். ஆறு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளே சம்சாரத்தையும் மொடாவையும் பூந்திக்கொட்டை மூட்டையையும் கொண்டுவந்து, அவர்கள் மாட்டுக் கொட்டகையில் நான்கு நாள் தங்கினோம். காய்ச்சல் வருமோ என்று ஒவ்வொரு காலையும் என் நெற்றியை நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன். வேலையில் குறை வைக்கவில்லை. ஓடைத் தண்ணீர் கருப்பாக ஓடியது. வழக்கமாக ஒரு தரம் தடவுகிற உவர்மண்ணை இரண்டு தரம் தடவினேன். புது வாடிக்கை, பெயர் நிற்க வேண்டுமே. மூன்று தரம் அலசுவதை ஐந்து தரம் அலசினோம். காய்ந்த பிறகு பார்த்தால் கம்பளியில் வெள்ளையும் பழுப்பும் கோடு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடுகளை அந்த வீட்டாரே பல வருடமாகப் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் மெச்சினார்களாம். அது போதாதா? கல்யாணம் முடிந்த கையோடு அதே ஊரில் இன்னும் ஐந்து வீட்டார் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். ஆக பதினொன்று. ஐந்தரை ரூபாய். அப்படியே கொண்டுபோய்க் கடைக்காரர் கையில் கொடுத்தேன். அவர் இருபதை அடித்துப் பதினாலரை என்று எழுதினார். "பரவால்லீங்களே" என்றார். இன்னும் இருபத்தொன்பது கம்பளி கிடைத்தால் தீர்ந்தது. மலையில் எத்தனை ஊர், ஊருக்கு எத்தனை வீடு என்று விரல் விட்டு எண்ணினேன். என் வாழ்நாளில் கவலைப்படாமல் இருந்தது அந்த மூன்று வாரம்தான்.

சித்திரை பிறந்து நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மலைமேல் இடி கேட்டது. கீழே ஒரு தூறல்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து உப்பு வாங்க இறங்கிய மலைக்காரர் ஒருவர் கடைவீதியில் என்னைப் பார்த்து நின்றார்.

"நீங்கதான கம்பளிக்காரரு? உங்களத் தேடிட்டு இருக்காங்க. ஊர்க்கவுண்டர் வரச் சொன்னாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்க்கவுண்டரே கூப்பிட்டால் ஊர் முழுக்கக் கம்பளி போடப் போகிறது என்றுதானே அர்த்தம்? "எத்தன கம்பளிங்க?" என்று கேட்டேன். "அது தெரியாது, ஊட்டுல அவங்க எடுத்து வெச்சிருக்காங்க" என்றார் அவர். நான் கடனுக்கு மேலும் ஒரு மூட்டை பூந்திக்கொட்டை கேட்கப் போனேன். சம்சாரம்தான் "இருக்கறது போதுமுங்க" என்று தடுத்தாள். நல்ல வேளை. நாங்கள் இரண்டு பேரும் சாமான்களைச் சுமந்துகொண்டு பேசிச் சிரித்துக்கொண்டே மலை ஏறினோம்.

களத்தில் பதினோரு கம்பளிகளும் விரித்துக் கிடந்தன. அவை எனக்குத் தெரிந்த கம்பளிகள். ஆனால் சிறுத்துப்போய், ஓரம் சுருங்கி, நனைந்து காய்ந்த கோணிகளாகக் கிடந்தன. ஒரு மூலையில் கொஞ்சம் மிளகு, பூசணம் பிடித்து வெளுத்துக் குவிந்திருந்தது.

நடந்ததைச் சொன்னவர் கல்யாண வீட்டுக்காரர். சத்தம் போடாமல் சொன்னார். மழை வந்தபோது ஆண்கள் காட்டில் இருந்தார்கள். மலையில் மழைக்கு யாரும் ஓடி ஒதுங்குவதில்லை. ஒதுங்க இடமும் கிடையாது. கம்பளியின் ஒரு மூலையை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். கொங்காடை என்பார்கள் அதை. புகையும் பிசுக்கும் ஏறிய கம்பளியில் தண்ணீர் நிற்காது, உருண்டு ஓடிவிடும். காய்கிற மிளகின் மேல் மழை வந்தாலும் அதைத்தான் போட்டு மூடுவார்கள். அன்றைக்கு மூடினார்கள். தண்ணீர் நேராக உள்ளே இறங்கியது. கூரையில் வேய்ந்த புல்லைப் பிடுங்கிக் கழுவி வைத்தவன் மாதிரி நான் அந்த ஊரின் கூரையைப் பிடுங்கியிருந்தேன்.

வண்டிக்காரர்கள் கம்பளியை விரித்துப் படுத்தார்கள். இவர்கள் அதைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். இந்த ஒரு வித்தியாசம் என் கண்ணில் படவே இல்லை.

"நான் போட்டுட்டு நின்னேன்" என்றார் வந்திருந்த ஐவரில் ஒருவர். "மொதல்ல முதுகுல ஒரு சொட்டு. அப்புறம் மழையே உள்ள வந்துருச்சு. கம்பளியத் தூக்கலாம்னா தூக்க முடியல, அப்புடி ஒரு கனம். கழட்டி வெச்சுட்டு நனைஞ்சேன். அது பரவால்லாம இருந்துச்சு."

"எட்டணா குடுத்துச் சல்லடை வாங்கிருக்கோம்" என்றார் இன்னொருத்தர்.

"மாப்பிள்ளயோடத நான்தான் எடுத்துத் தூக்குனேன். ஒரு கொடம் தண்ணி எறங்குச்சு" என்றார் ஒரு பெண். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

என் சம்சாரம் பேசினாள். நான் பேசியிருக்க வேண்டும். "திருப்பி அடுப்புக்கு மேல போட்டா பொகை ஏறிக்காதுங்களா? வெளக்கெண்ணெ தடவிக் குடுக்கறோமுங்க. நாங்களே இருந்து செஞ்சு தாரோமுங்க."

கல்யாண வீட்டு அம்மாள் அவளைப் பார்த்தார். கோபமில்லை. "பத்து வருசம் ஏறுன பொகை அம்மிணி. இன்னும் ரெண்டு மாசத்துல பெருமழை புடிச்சுக்கும். அதுக்குள்ள ஏறுமா?" பிறகு மெதுவாக, "நான்தான் குடுத்தேன். என்னையும் பேசறாங்க" என்றார்.

ஊர்க்கவுண்டர் ஒரு கம்பளியின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

"தெரியாமத்தானுங்க" என்றேன்.

"தெரிஞ்சு செஞ்சிருந்தா முழு வெலை. தெரியாம செஞ்சா பாதி. இங்க அப்புடித்தான். இன்னைக்குக் கம்பளி என்ன வெலைங்க?"

கிடைத்தால் நாலு ரூபாய். எல்லோருக்கும் தெரியும். யாரோ சொன்னார்கள்.

"அப்ப ஒண்ணுக்கு ரெண்டு ரூவா. மொளகு மழையோட கணக்கு, அத உங்க தலையில வெக்கல. குடுத்த கூலியும் வேண்டாம். அது நீங்க ஒழைச்சதுக்கு."

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். இவ்வளவு நியாயமாகச் சொன்னதில் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் போயிற்று. பதினோரு இரண்டு இருபத்திரண்டு. அதை விரல் விடாமலேயே எண்ணிவிட்டேன். பக்கத்து ஊர்களுக்கு இனிப் போக முடியாது என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாவது ஊரில் கம்பளியை மடித்து வைத்துக்கொண்ட மனிதர் இதற்குள் கேள்விப்பட்டிருப்பார். மலை முழுக்கக் கேள்விப்பட்டிருக்கும்.

"எப்பக் குடுப்பீங்க?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"சித்திரைக்குள்ளங்க." வாய் தானாகச் சொல்லியது. கடைக்காரருக்குச் சொன்ன அதே சித்திரை.

இறங்கும்போது பாதி வழியில் சம்சாரம் பூந்திக்கொட்டை மூட்டையைக் கீழே இறக்கி வைத்தாள். எடுத்துக்கொள்ளாமல் நடந்தாள். நான் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. சேந்தமங்கலத்தில் இரண்டு சத்திரங்களில் கேட்டேன். வக்கீல் குமாஸ்தா ஒருவர் வீட்டில் கேட்டேன். "எங்க ஊட்டுல கம்பளியா? இருந்ததக் குடுத்துட்டோமே" என்றார்கள். ஒரு வீட்டில் ஒன்று இருந்தது. கொண்டு வந்து காட்டினார்கள். அதை வாங்கக் கை நீட்டினேன். "இத மழையில போட்டுக்குவீங்களாங்க?" என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டது சரியான கேள்விதான். அதைக் கேட்டதால் நாலணா போயிற்று. அதன் பிறகு எந்த வாசலில் நின்றாலும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. யாரும் வேலை தரவில்லை.

சித்திரை கடைசிச் சந்தையில் எருமையை விற்றேன். கடைக்காரர் ஓட்டிக்கொண்டு போனால் கடன் மட்டும்தான் தீரும், நானே விற்றால் மிச்சம் வரும் என்று கணக்குப் போட்டேன். சம்சாரம் சந்தைக்கு வரவில்லை. அன்று காலையில் பால் கறந்து, வழக்கமாக ஊற்றுகிற வீடுகளுக்கு ஊற்றிவிட்டு, நாளையிலிருந்து இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். இருபத்தாறு ரூபாய்க்குப் போயிற்று. கடைக்காரர் சந்தைக்கே வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பதினாலரையை வாங்கி இரண்டு தரம் எண்ணி, "நல்ல ஆளுங்க நீங்க" என்றார். கையில் பதினொன்றரை நின்றது.

மறுநாள் தனியாக மலை ஏறினேன். சுக்கும் குடுக்கையும் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன், காய்ச்சலைப் பற்றி நினைக்கவே இல்லை. கல்யாண வீட்டுக்காரர் வாசலில் கூடை பின்னிக்கொண்டிருந்தார். பணத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"மொதல்ல அந்த அஞ்சு பேருக்குக் குடுத்துருங்க" என்றார் அவர். "அவங்க எங்களப் பாத்துத்தான் போட்டாங்க. நாங்க பொறுக்கறோம்."

ஐந்து வீட்டுக்கும் போனேன். இரண்டு இரண்டு ரூபாயாகக் கொடுத்தேன். ஒரு பெண் மோர் குடிக்கிறீர்களா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வந்து மிச்சமிருந்த ஒன்றரை ரூபாயைக் கல்யாண வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். பரணில் அந்த ஆறு கம்பளிகளும் அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. வானத்தில் மழைக்கு மேகம் கூடியிருந்தது. அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தன் தலைக்கு ஒரு சாக்கைத் தேடி எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினார்.

"அடுத்த வருசம் தாரேனுங்க" என்றேன் பின்னாலிருந்து.

"சரிங்க" என்றார்.

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கூலி வயிற்றுக்கே காணவில்லை. சந்தையில் அவரைத் தூரத்தில் கண்டால் வேறு வழியாகப் போய்விடுவேன். அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆறு கம்பளிக்குப் பன்னிரண்டு ரூபாய், அதில் கொடுத்தது ஒன்றரை. நான் அவருக்குத் தர வேண்டியது இன்னும் பத்து ரூபாய் எட்டணா.